எடிசன் கட்டிலுக்குப் பின்னால் கிடந்த குரல்கள்!

ஒரு சின்ன இரும்புக் கட்டில் அளவுக்குத்தான் இடம். சுற்றிலும் புத்தக அலமாரிகள். மூன்று அடுக்கு உயரத்துக்கு எழும்பி நிற்கும் நூலகத்தின் ஒரு மூலையில், படுத்து எழுந்ததுபோல ஒரு கட்டில் கிடக்கிறது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், வெஸ்ட் ஆரஞ்ச் என்ற ஊரில் இருக்கும் தாமஸ் ஆல்வா எடிசனின் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்தவர், அசந்தால் கண்ணயர்ந்த இடம் அல்லவா!

ஆனால், ஒலிப்பதிவு வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களின் கண் கட்டிலைத் தாண்டி அதன் பின்பக்கம் போகும். அங்கே இருந்த ஓர் அலமாரியில்தான் 1957-ம் ஆண்டு ஒரு மரப்பெட்டி கிடைத்தது. அதற்குள் மெழுகு உருளைகள். உள்ளே யாருடைய குரல் இருக்கிறது என்று சொல்ல ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. அந்தக் குரல்களுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்பது தெரிய, அதற்குப் பிறகும் 50 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

செங்கல் கட்டடத்துக்குள்...

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியிலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் வெஸ்ட் ஆரஞ்ச். மெயின் ஸ்ட்ரீட்டில், கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவில், பழைய மில் ஒன்றைப் பார்ப்பதுபோல நீளமான செங்கல் கட்டடங்கள். எடிசன் 1887-ல் இங்கே குடிபெயர்ந்து வந்தார். 1931 அக்டோபரில் இறக்கும்வரை இதுதான் அவருடைய உலகம். இப்போது அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில், 'தாமஸ் எடிசன் தேசிய வரலாற்றுப் பூங்கா' என்ற பெயரில் இருக்கிறது. பூங்கா என்றதும் மரம், செடி, ஊஞ்சல் எல்லாம் தேட வேண்டாம். இது முழுக்க முழுக்க ஒரு பட்டறை.

பிரதானக் கட்டடத்தில் நூலகம். அதையொட்டிக் கனரக இயந்திரப் பட்டறை. கூரையோரம் ஓடும் தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பெல்ட்டுகள் இறங்குகின்றன. இரண்டாவது மாடி போனால் இசை அறை. பியானோ, கொம்பு வைத்த போனோகிராஃப்கள். மைக் என்ற ஒன்று பழக்கத்துக்கு வராத காலத்தில், பாடகர்கள் இங்கே அகன்ற கொம்புக்குள் வாயை வைத்தபடி உரக்கப் பாடியிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒலியைப் பிடித்து வைக்க உலகத்துக்குச் சொல்லித் தந்த எடிசனுக்குக் காது சரியாகக் கேட்காது. சின்ன வயதிலேயே கேட்கும் திறன் குறையத் தொடங்கிவிட்டது. போனோகிராஃபின் மரப்பெட்டியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, எலும்பு வழியாக வரும் அதிர்வில் பாட்டைக் கேட்பாராம். சரியாகக் கேட்காத ஒரு மனிதர் உருவாக்கிய கூடத்தில், இன்றைக்கு ஆயிரக்கணக்கான மெழுகு உருளைகளும் இசைத்தட்டுகளும் பாதுகாக்கப்படுகின்றன.

மெழுகில் குரல் எப்படி உட்கார்ந்தது?

மரப்பெட்டிக் கதைக்குப் போவதற்கு முன், அந்த உருளை எப்படிப் பேசும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

எடிசன் போனோகிராஃபைக் கண்டுபிடித்தது 1877-ல், இதே மாநிலத்தில் உள்ள மென்லோ பார்க்கில். அப்போது மெழுகு இல்லை, தகரத் தாள்தான். சில தடவை ஓட்டினாலே கிழிந்துவிடும். வெஸ்ட் ஆரஞ்சுக்கு வந்த பிறகு, மெழுகு உருளைக்கு மாறினார். பார்ப்பதற்கு ஒரு டம்ளரின் அடியை வெட்டிவிட்டதுபோல இருக்கும்.

பேசுகிறவர் கொம்புக்குள் பேசுவார். கொம்பின் அடியில் ஒரு மெல்லிய சவ்வு. குரலின் காற்று மோதி அது அதிரும். அதோடு ஒட்டியிருக்கும் ஊசி, சுழலும் மெழுகில் கோடு கிழித்துக்கொண்டே போகும். சத்தத்துக்கு ஏற்ப அந்தக் கோடு ஓரிடத்தில் ஆழமாகும், ஓரிடத்தில் மேடாகும். தலைமுடி கனத்தைவிடச் சின்ன மேடு பள்ளம்! அதே கோட்டில் வேறொரு ஊசியை ஓட்டினால், மேடு பள்ளத்தில் அது ஏறி இறங்க, சவ்வு அதிர, பேசிய குரல் திரும்ப வரும்.

பிரச்னையும் அங்கேதான். மெழுகு மிருதுவானது. ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் குரலைச் சுரண்டிக்கொண்டு போகும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து மெழுகைத் தின்னும். ஒரு விரிசல் விழுந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்'. பூஞ்சை தின்ற குழிகள் எண்ணெயில் கடுகு பொரிவதுபோலச் சடசடக்கும். உருளை வெயிலில் லேசாகக் கோணிக்கொண்டால் குரல் அலைபோல ஏறி இறங்கும்.

ஆக, கேட்டால் தேய்ந்துவிடும். கேட்காமல் வைத்தால் பூஞ்சை தின்றுவிடும்.

பெட்டிக்குள் யார்?

1957-ல் கிடைத்த பெட்டி இந்த நிலைமையில்தான் பல ஆண்டுகள் காத்திருந்தது. அதில் 17 உருளைகள். பெட்டியோடு தொடர்புள்ள ஒரே தடயம், 'வாங்கெமான்' என்ற பெயர்.

தியோ வாங்கெமான், ஜெர்மனியில் பிறந்து எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தவர். 1889-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு எடிசனின் கருவியோடு போனார். அப்படியே ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கமும் சுற்றினார். போகிற இடமெல்லாம் பெரிய மனிதர்களின் குரலைப் பதிவு செய்தார்.

2011-ம் ஆண்டு, கூடத்தின் ஒலிப்பதிவுக் காப்பாளர் ஜெர்ரி ஃபாப்ரிஸ் அந்த உருளைகளை டிஜிட்டலுக்கு மாற்றினார். பழைய போனோகிராஃபில் ஓட்டினால் கனமான முனை மெழுகை உழுதுவிடும் என்பதால், 'ஆர்க்கியோஃபோன்' என்ற நவீன பிரெஞ்சுக் கருவியைப் பயன்படுத்தினார். மின்சாரத்தில் ஓடும், ஊசியின் பாரம் மிகக் குறைவு, வேகத்தை வேண்டியபடி மாற்றலாம். 17-ல் 12 உருளைகளில் காதுக்குக் கேட்கிற அளவுக்கு ஒலி இருந்தது.

கேட்டது கரகரப்பு. அதற்கு அடியில், தூரத்துக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு கிழவரின் குரல். அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிக் ஃபீஸ்டரும் ஜெர்மன் ஆய்வாளர் ஸ்டெஃபான் புயில்லேயும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பேச்சில் ஓர் ஊர்ப் பெயர் தட்டுப்பட்டது: ஃப்ரீட்ரிஷ்ஸ்ரூ. அது ஜெர்மனியை ஒன்றாக்கிய, 'இரும்பு மனிதர்' என்று பெயர்பெற்ற ஓட்டோ வான் பிஸ்மார்க்கின் மாளிகை இருந்த ஊர். வாங்கெமான் அங்கே போன செய்தி பழைய ஆவணங்களில் இருந்தது. தேதியும் பொருந்தியது: 1889 அக்டோபர் 7.

2012 ஜனவரியில் அந்தப் பதிவு உலகத்துக்கு வெளியிடப்பட்டது. பிஸ்மார்க்கின் குரல் என்று அறியப்பட்டிருக்கும் ஒரே பதிவு அதுதான். ஆங்கிலம், லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு என்று நான்கு மொழிகளில் சில வரிகள் சொல்கிறார். பிரெஞ்சில் அவர் எடுத்துக்கொண்டது, பிரான்ஸின் தேசிய கீதமான 'மார்செய்யேஸ்'. பிரான்ஸைப் போரில் தோற்கடித்த தலைவர், வீட்டுக்கு வந்த புதுக் கருவிக்குள் அந்த நாட்டின் கீதத்தையே சொல்லியிருக்கிறார்! கடைசியில் மகனுக்கு அறிவுரை: எதிலும் அளவோடு இரு, முக்கியமாகச் சாப்பாட்டிலும் குடியிலும். அதிகாரமெல்லாம் கழன்று ஓர் அப்பா பேசுகிறார்.

அதே பெட்டியில் ராணுவத் தளபதி ஹெல்முத் வான் மோல்ட்கேயின் குரலும் இருந்தது. அவர் பிறந்தது 1800-ல். அவ்வளவு முன்பு பிறந்த ஒருவரின் குரலை இன்று ஹெட்போனில் கேட்க முடிகிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பிஸ்மார்க் இரைச்சலில் மட்டும் தொலைந்திருக்கவில்லை. பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டப்படாததாலும் தொலைந்திருந்தார். கருவி ஒலியை மீட்டது. ஆளை மீட்டது பழைய ஆவணங்களைப் புரட்டிய பொறுமை.

பொம்மைக்குள் ஒரு பெண்

பெரிய மனிதர்களைத் தேட ஆவணம் இருக்கும். சாதாரண மனிதர்களுக்கு? இதே கூடத்தில் அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

எடிசனின் உதவியாளர் வில்லியம் மெடோகிராஃப்டின் மேஜையிலிருந்து 1967-ல் ஒரு தகர வளையம் கிடைத்தது. வளைந்து, நெளிந்து, வட்டமே கெட்டுப்போயிருந்தது. எந்தக் கருவியிலும் மாட்ட முடியாது. அது 1888-ல், பேசும் பொம்மைக்காகச் செய்து பார்த்த சோதனைப் பதிவு.

பொம்மை 1890-ல் கடைக்கு வந்தது. சுமார் 22 அங்குல உயரம். பீங்கான் முகம், தகர உடம்பு, வயிற்றுக்குள் குட்டி போனோகிராஃப். முதுகில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் குழந்தைப் பாட்டுச் சொல்லும். அந்தக் காலத்தில் ஒரு பதிவிலிருந்து ஆயிரம் பிரதி எடுக்கும் வசதி இல்லை. அதனால் தொழிற்சாலையில் இளம்பெண்களை உட்காரவைத்து, ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகப் பேசவைத்தார்கள். ஒரே பாட்டை, காலையிலிருந்து மாலைவரை, பொம்மை பொம்மையாக. குழந்தைக் குரல்போல ஒலிக்கக் கீச்சென்று, கொம்புக்குள் பதிய உரக்க!

பொம்மை ஓடவில்லை. மெழுகு சீக்கிரம் தேய்ந்தது; கருவி எளிதில் பழுதானது; கைப்பிடியைச் சீராகச் சுற்றக் குழந்தைகளுக்குத் தெரியவில்லை. போதாததற்கு, அந்தக் குரல் பயமுறுத்தியது. சில வாரங்களிலேயே விற்பனை நின்றுபோனது. பொம்மையோடு அந்தப் பெண்களின் குரலும் பெட்டிக்குள் போனது.

ஊசி படாமல் கேட்பது

தகர வளையத்துக்கு விடிவு வந்தது கலிஃபோர்னியாவிலிருந்து. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் என்ற இயற்பியலாளர், அணுத் துகள்களின் தடத்தைப் பிடிக்கும் கருவிகளில் வேலை செய்துகொண்டிருந்தவர். பழைய ஒலிப்பதிவுகள் தொட்டாலே கெட்டுப்போகிற நிலையில் இருப்பதாக 2000-ல் ரேடியோவில் கேட்டார். 'துகளின் தடத்தைத் தொடாமல் படமெடுக்க முடிகிறது. இசைத்தட்டின் தடத்தை எடுக்க முடியாதா?' என்று யோசித்தார். சக விஞ்ஞானி விட்டாலி ஃபடேயேவும் சேர்ந்துகொண்டார்.

அப்படிப் பிறந்ததுதான் 'ஐரீன்'. ஆரம்பத்தில் அவர்கள் சோதித்த 'குட்நைட் ஐரீன்' என்ற பாட்டின் பெயரிலிருந்து வந்தது. இதில் ஊசியே கிடையாது. நுண்ணோக்கி கேமரா, பதிவின் மேல்பரப்பை அங்குலம் அங்குலமாகப் படமெடுக்கும். மேடு எவ்வளவு, பள்ளம் எவ்வளவு என்று முப்பரிமாண வரைபடமாகக் கணினிக்குள் போகும். பிறகு, 'இந்த வழியில் ஓர் ஊசி ஓடியிருந்தால் எப்படி ஏறி இறங்கியிருக்கும்?' என்று கணினி கணக்குப் போட்டு ஒலியாக மாற்றும். படத்தில் கீறல் எது, குரல் பதிந்த கோடு எது என்று பிரித்துப் பார்க்கலாம். உடைந்த உருளையையும்கூடத் துண்டு துண்டாகப் படமெடுத்துச் சேர்க்கலாம்.

2011-ல் அந்தத் தகர வளையம் பேசியது. ஒரு பெண் 'ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்' சொல்கிறார். சில விநாடிகள்தான். அமெரிக்காவில் பதிவான பெண் குரல்களில் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையதாக இது இருக்கலாம் என்கிறார்கள். அவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

அடுத்து, 1890-ல் விற்பனைக்கு வந்த பொம்மைகளின் மெழுகு வளையங்கள். ஊசி வைத்தால் உடைந்துவிடுமோ என்று சேகரிப்பாளர்கள் தொடப் பயந்தவை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் என்ற ஊரில் உள்ள ஆவணப் பாதுகாப்பு மையத்தில், இதே 'ஐரீன்' முறையில் அவற்றில் சிலவும் படமெடுக்கப்பட்டன. 2015-ல் பூங்காவின் இணையதளத்தில் அந்தக் குரல்கள் ஏறின. நூறாண்டுக்கும் மேல் வாய் மூடியிருந்த பெண்கள், யார் வேண்டுமானாலும் போனில் கேட்கும்படி பேச ஆரம்பித்தார்கள்.

கேட்டுப் பாருங்கள். முதலில் நிஜமாகவே திக்கென்றிருக்கும். இரண்டாம் தடவை, அந்தக் கத்தலுக்குள் ஒரு மனுஷி மூச்சு வாங்குவது கேட்கும்.

எங்கே நிறுத்துவது?

கணினிக்குள் வந்துவிட்ட பிறகு, இரைச்சலை முழுக்கத் துடைத்துவிடலாமே என்று தோன்றும். இந்த வேலையின் கஷ்டமான முடிவு அதுதான்.

பேச்சு இல்லாத இடத்தில் இருக்கும் வெறும் இரைச்சலை மென்பொருளுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள். அது அந்த மாதிரியைப் பதிவு முழுவதிலிருந்தும் கழிக்கும். 'டிக்' சத்தம் விழுந்த இடத்தை வெட்டி, முன்னும் பின்னும் இருக்கும் ஒலியை வைத்து ஒட்டுப்போடும். கொஞ்சமாகச் செய்தால் குரல் தெளியும். பேராசைப்பட்டால் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோலக் குளறும். காரணம் இருக்கிறது. 'ஸ்', 'ஷ்' போன்ற எழுத்துகளின் ஒலியே இரைச்சலைப் போன்றதுதான். இரைச்சலைத் துடைக்கும்போது அவையும் சேர்ந்து துடைபடும். பேசியவரின் மூச்சும் போய்விடும்.

வேகமும் அப்படித்தான். உருளை எந்த வேகத்தில் சுற்றியது என்று எழுதி வைக்காவிட்டால், கொஞ்சம் கூடினாலும் கிழவர் இளைஞராகிவிடுவார்; குறைந்தால் பெண் ஆணாகிவிடுவார். தெரிந்த பாட்டு என்றால் சுருதியை வைத்துப் பிடிக்கலாம். வெறும் பேச்சு என்றால் காதையும் அனுபவத்தையும்தான் நம்ப வேண்டும்.

அதனால்தான் ஆவணக் காப்பகங்களில் ஒரு விதி உண்டு. முதலில் எடுத்த பிரதியை, கரகரப்போடு அப்படியே பத்திரமாக வைப்பார்கள். சுத்தம் செய்வதெல்லாம் அதன் நகலில்தான். இன்றைய மென்பொருளுக்குக் குப்பையாகத் தெரிவதில், நாளைய மென்பொருள் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கலாம்.

நம் வீட்டு அலமாரி

மெழுகு உருளை நம் ஊருக்கும் வந்ததுதான். மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1900-களின் தொடக்கத்தில் போனோகிராஃபோடு தென்னிந்தியக் குரல்களைப் பதிவு செய்தார். அதைவிட நெருக்கமான பொக்கிஷம் நம் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம். பாட்டியின் தாலாட்டு, துபாயிலிருந்த மாமா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட், அக்காவின் காதுகுத்து விழாவில் பதிவு செய்த பேச்சு...

எடிசன் கூடம் கற்றுக்கொடுக்கும் பாடங்கள் அதற்கும் பொருந்தும்:

* 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று பழுதான டேப் ரெக்கார்டரில் போடாதீர்கள். டேப்பைத் தின்றுவிடும். பூஞ்சை (வெள்ளைப் பொடி) தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். விவரம் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.
* நல்ல நிலையில் உள்ள பிளேயரில், ஹெட்டைச் சுத்தம் செய்துவிட்டு, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்யுங்கள்.
* அந்த முதல் பதிவைச் சுருக்கப்படாத 'வேவ்' ஃபைலாக, இரைச்சலோடு அப்படியே வைத்திருங்கள். சுத்தம் செய்வதை நகலில் மட்டும் செய்யுங்கள்.
* இரண்டு இடங்களிலாவது பிரதி இருக்கட்டும். போனில் மட்டும் வைத்தால், போனோடு போய்விடும்.
* எல்லாவற்றுக்கும் மேல், பேசுவது யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று இன்றைக்கே எழுதிவையுங்கள். குரலை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

கடைசி வேலைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு பேனா போதும். பிஸ்மார்க்கின் பெட்டிக்கு அது கிடைத்திருந்தால், 50 ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும். தகர வளையத்தில் பேசிய பெண்ணுக்குக் கிடைத்திருந்தால், இன்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற பெற்றோர்கள், நியூயார்க், நியூஜெர்சி பக்கம் இருந்தால் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். வாரத்தின் எல்லா நாளும் திறந்திருக்காது. போகும் முன் பூங்காவின் இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆய்வுக்கூடத்தை நிதானமாகப் பார்க்க இரண்டு, மூன்று மணி நேரம் வேண்டும். வளாகத்தில், எடிசனின் முதல் சினிமா ஸ்டூடியோவான 'பிளாக் மரியா'வின் மாதிரியையும் பார்க்கலாம். பக்கத்திலேயே லூவெல்லின் பார்க் குடியிருப்பில் எடிசனின் வீடு, 'கிளென்மான்ட்'. வீட்டின் பின்புறம் எடிசனும் மனைவி மினாவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

நூலகத்துக்குள் நுழையும் முன், பூங்காவின் இணையதளத்தில் அந்தப் பொம்மைக் குரலை ஒருமுறை ஹெட்போனில் கேட்டுவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகு அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாகத் தெரியாது.